வாக்கத்தி, வெட்டரிவாள், கவ்வாத்துக் கத்தி: சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

கம்பத்தில் ஒரு கடைக்குப் போய், கிளை கழிக்க ஒன்று வேண்டும் என்று கேட்டால் வெட்டரிவாளை எடுத்துக் கொடுப்பார்கள். கழுத்து நேராக வந்து, நுனி முன்பக்கம் வளைந்து, வளைவின் உட்புறம் வாய், அதாவது வெட்டும் கூர் விளிம்பு, இருக்கும். அங்கிருந்து மலையேறிக் குமுளிக்கோ வண்டிப்பெரியாற்றுக்கோ போய் அதையே கேளுங்கள். வாக்கத்தி வரும். அகலப் பட்டை, ஏறக்குறைய நேரான வாய், நுனியில் மட்டும் சின்னதாக ஒரு மூக்கு. செய்கிற வேலை ஒன்றுதான். முக்கால் மணி நேர பஸ் பயணத்தில் பெயரும் உருவமும் மாறிவிடுகின்றன. பாலக்காட்டுப் பக்கம் மடவாள் என்பார்கள், மலபாரில் கொடுவாள், குமரி மாவட்டத்தில் வெட்டுக்கத்தி, பேச்சில் வெட்டோத்தி.

தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் அலைந்து நான் இவற்றைச் சேர்த்து வருகிறேன். புதிதாகச் சேர்க்க விரும்பும் தம்பி தங்கைகள் சிலர் எங்கே தொடங்குவது, எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல கத்தி, மோசமான கத்தி என்று பொதுவாக ஒன்றும் கிடையாது. எந்த வேலைக்கு, எந்தக் கைக்கு என்று கேட்ட பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச முடியும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதல் மாதம் வாங்காதீர்கள், பிடித்துப் பாருங்கள்

கையில் பத்துக் கத்தியாவது எடுத்துப் பார்த்த பிறகு முதல் கத்தியை வாங்குங்கள். இதற்குக் காசு செலவாகாது. வீட்டில் விறகு வெட்டுகிற அரிவாள், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் வாக்கத்தி, இளநீர்க் கடைக்காரர் வைத்திருப்பது, கறிக்கடையில் இருப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள். வேலை நேரத்தில் போய் நிற்க வேண்டாம், ஓய்வாக இருக்கும்போது கேட்டால் யாரும் மறுப்பதில்லை. "இது யார் அடித்தது, எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஆயுத பூஜை நாளை விட்டுவிடாதீர்கள். வருடம் முழுக்கப் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிற கருவிகளெல்லாம் அன்றைக்கு ஒரே இடத்தில் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருக்கும். பூஜை முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டுவார்கள். தாத்தா காலத்துக் கத்தியை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

அதேபோல, மழைக்கு முன்னால் ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளை கழிப்பார்கள். ஒரு வாக்கத்தி எப்படி வீசப்படுகிறது, எங்கே நிற்கிறது, எப்படித் திருப்பப்படுகிறது என்பதை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு, அந்த மூக்கு எதற்கு என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டிய கிளையைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளுவதற்குத்தான் அது.

ஒரு வரம்பு வையுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் எதையும் ஒப்பிட முடியாது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கான கத்திகளை ஊர் ஊராகச் சேர்ப்பது ஒரு வழி. ஒரு பட்டறையை எடுத்துக்கொண்டு, அந்த ஆசாரி அடிக்கிற எல்லா வகையையும் சேர்ப்பது இன்னொரு வழி. புதியவர்களுக்கு முதலாவதைத்தான் சொல்வேன். ஐந்து வாக்கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் தானாகவே பழகிவிடும். ஒரு வாக்கத்தி, ஒரு பாளை சீவும் கத்தி, ஒரு கறிக்கத்தி என்று கலந்து வைத்தால் எதுவும் பிடிபடாது. பாளை சீவுகிற கத்தி சவரக்கத்தி மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், அதை மூங்கிலில் போட்டால் வாய் போய்விடும். அது கத்தியின் குற்றம் இல்லை.

தேயிலைப் பக்கம் ஆர்வம் இருந்தால் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்யும்போது, அதாவது மேலே வெட்டிக் குறைக்கும்போது, ஒரே வீச்சில் சரிவாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். அதற்கென்று அளந்து செய்த கத்தி அது. இப்போது இந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டதால் நல்ல கவ்வாத்துக் கத்தி குறைந்துகொண்டே வருகிறது. கிடைக்கும்போதே சேர்க்க வேண்டிய வகை என்று நான் நினைக்கிறேன்.

வரம்பில் சட்டமும் அடக்கம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வரிசையில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. ஆகவே வேலைக் கருவிகளை மட்டும் சேர்த்தால் நிம்மதியாக இருக்கலாம். வீச்சரிவாள், வாள், குத்துவாள் பக்கம் போகவே வேண்டாம். வாங்கினால் ரசீது வாங்குங்கள். பஸ்ஸில் கொண்டுவரும்போது வாயில் பழைய சைக்கிள் டியூபையோ தடித்த அட்டையையோ சுற்றிச் சாக்கில் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். செக்போஸ்டில் கேட்டால் இன்ன வேலைக்கு, இன்ன பட்டறையில் வாங்கினேன் என்று நேராகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் உங்கள் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். போலீஸ் அப்படிச் சொல்லியிருக்கிறது. முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

பட்டறையில் என்ன பார்ப்பது

பெரும்பாலான பட்டறைகளில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்றால் பழைய வண்டிகளிலிருந்துதான். லாரிப் பட்டை, ஜீப் பட்டை என்று சொல்வார்கள், வண்டியின் எடையைத் தாங்கும் அந்த ஸ்பிரிங் தகடு. அதில் கரிச்சத்து ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். வெட்டுக் கருவிக்கு இது நன்றாகப் பொருந்தும். கெட்டிப்படும், ஆனால் பட்டென்று உடையாது. கட்டடக் கம்பி, சாதாரணத் தகடு இதிலெல்லாம் கரிச்சத்து குறைவு. எவ்வளவு அழகாக அடித்தாலும் அவற்றில் வாய் நிற்காது. சாணைக் கல்லில் ஒரு ஓரத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல எஃகு என்றால் தீப்பொறி மத்தாப்பு மாதிரி நிறையக் கிளை பிரிந்து சிதறும். வெறும் இரும்பு என்றால் நீளக் கோடாகப் போகும், கிளை அதிகம் இருக்காது. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது, இரண்டிலும் ஒட்டும்.

நல்ல பட்டை கிடைப்பது பாதிதான். மீதிப் பாதி துவைச்சலில், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்துவதில், இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டறையில் நான் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். அடித்து, ராவி, உருவம் வந்த வாக்கத்தியை ஆசாரி மறுபடி உலையில் வைத்தார். துருத்திக்குப் பதில் இப்போது சின்ன மின்விசிறி. கத்தி பழுத்த செர்ரி நிறத்துக்கு வந்ததும் கடையில் எரிந்த பல்பை அணைக்கச் சொன்னார், வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்று. ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒட்டவில்லை. இரும்பு சுமார் 770 டிகிரி சூடு தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது, அதைத்தான் அவர் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சூடேற்றி வெளியே எடுத்து, முழுக் கத்தியையும் முக்காமல், வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார். முதுகு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வெளியே எடுத்த வேகத்தில் ஒரு செங்கல் துண்டால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் தங்கியிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கியது. தேய்த்த இடத்தில் முதலில் லேசான வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பிறகு அடர்ந்த மஞ்சள், அதன் பின்னால் தவிட்டு நிறம் துரத்திக்கொண்டு வந்தது. மஞ்சள் வாயைத் தொட்ட நொடியில் மறுபடி தண்ணீரில் வைத்தார். அந்த மஞ்சள் என்பது 220, 230 டிகிரி சூடு. நீலம் வரும்வரை விட்டிருந்தால் 300 ஆகியிருக்கும், வாய் மென்மையாகப் போயிருக்கும். கையில் எந்தக் கருவியும் இல்லாமல், நிறத்தை மட்டும் பார்த்து, ஓரிரு நொடிக்குள் முடிவெடுக்கிறார்கள். இதை நேரில் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பட்டறையில் பேரம் பேசமாட்டார்கள்.

எல்லா ஆசாரிகளும் இப்படிச் செய்வதில்லை. சிலர் எண்ணெயில் முக்குவார்கள், சிலர் முழுக் கத்தியையும் முக்கித் தனியாகச் சூடு காட்டுவார்கள். எந்த முறை என்று கேட்டு எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிடும்போது இந்த ஒரு குறிப்பு நிறையச் சொல்லும்.

ஒப்பிடுவது எப்படி

ஒரு நோட்டு, சமையலறைத் தராசு, கனம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சின்ன அரம். இவ்வளவு போதும். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முதலில் எடை, பிறகு வாயின் நீளம், அகலம். அடுத்து முதுகின் கனத்தை மூன்று இடத்தில் எடுங்கள்: பிடியை ஒட்டி, நடுவில், நுனிக்கு அருகில். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் நோட்டிலிருந்து அடுத்தடுத்த இரண்டு பக்கங்களைச் சொல்கிறேன். இரண்டும் வாக்கத்தி, இரண்டும் கிட்டத்தட்ட 700 கிராம். ஒன்றில் முதுகு பிடியருகே 7 மில்லிமீட்டர், நடுவில் 5, நுனியருகே 3. மற்றதில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே 5. ஆள்காட்டி விரலின் மேல் குறுக்கே வைத்து எங்கே சமன் நிற்கிறது என்று பார்த்தேன். முதலாவது பிடியிலிருந்து 6 சென்டிமீட்டரில் நின்றது, இரண்டாவது 11-ல். கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் இரண்டாவதுதான் கனம் என்று அடித்துச் சொல்கிறார்கள். தராசில் வைத்துக் காட்டினாலும் நம்புவதில்லை.

இதில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். முன்பாரம் உள்ள இரண்டாவது, தடித்த கட்டையை நாலு வெட்டில் முடித்துவிடும். ஆனால் நாள் முழுக்க மெல்லிய கிளை கழிக்கிறவருக்கு மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். அவருக்கு முதலாவதுதான் வேண்டும். நுனியை நோக்கி ஒரே சீராக மெலிந்து வருகிற பட்டை தானாக வருவதில்லை, ஆசாரி சுத்தியலால் இழுத்துக் கொண்டுவர வேண்டும். தகட்டை வெட்டிச் சாணை மட்டும் பிடித்து விற்கிற கடைக்கத்தியில் அது இருக்காது. கைவேலையா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

அடுத்தது அரம். வாயின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டி, வேலைக்கு வராத இடத்தில் ஒரே ஒரு இழுப்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் மிகக் கெட்டி, மூங்கில் கணுவில் வாய் உதிரலாம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் துவைச்சலே பிடிக்கவில்லை. லேசாகக் கடித்து, கொஞ்சம் எதிர்த்தால் சரி. வெட்டுக் கத்திக்கு, எஃகின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் (C) அளவில் 50-க்கும் 56-க்கும் நடுவில் இருந்தால் போதும். சமையல் கத்தி இதைவிடக் கெட்டியாக இருக்கும், அந்த அளவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

பிடியைப் பாருங்கள். பட்டையின் காம்பு மரத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது, முழுக்க ஊடுருவி மறுபக்கம் வந்து மடங்கியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா, பூண் இறுக்கமாக இருக்கிறதா? பாதிக் காம்பு உள்ளது வேகமாக வீசும்போது கழன்று பறக்கலாம். இது விளையாட்டு இல்லை. பிடியை ஆட்டிப் பார்த்துக் கொஞ்சம் அசைந்தாலும் வெட்டிச் சோதிக்க வேண்டாம்.

சோதனை வெட்டுக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக் கனத்தில் பச்சைக் கிளை, பத்து வெட்டு. அப்புறம் காய்ந்த மூங்கில் கணுவில் ஐந்து. பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் வாய் கண்ணுக்கே தெரியாது, மழுங்கிய இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மினுக்கும். மடங்கியிருந்தால் துவைச்சல் போதவில்லை, பல்லாக உதிர்ந்திருந்தால் அதிகம். கையின் வீச்சுக்கு இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நில்லுங்கள்.

பழையதை வாங்கும்போது

பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு எடை போட்டுக் கிடக்கும் குவியலில் அருமையான கத்திகள் கிடைக்கும். அந்தக் காலத்துச் சிலவற்றில் பட்டை முழுக்க மெத்து இரும்பாகவும், வாயில் மட்டும் எஃகு வைத்து ஒட்டி அடித்ததாகவும் இருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்துச் சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அப்படிக் கண்டால் விடாதீர்கள்.

விரிசல் பார்க்கவும் மண்ணெண்ணெய்தான். தடவி ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். ஜீப் பட்டையில் அடித்த கத்திகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வருடக்கணக்காக மலைப்பாதையில் வளைந்து நிமிர்ந்த பட்டை உள்ளுக்குள் அலுத்துப்போயிருக்கலாம்.

மான்கொம்பு, யானைத்தந்தம் வைத்த பிடி உள்ளதைத் தொடவே தொடாதீர்கள். எவ்வளவு பழையது என்று சொன்னாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதிலும் பெரியாறு சரணாலயத்தை ஒட்டி வாழ்கிற நமக்கு இதைத் தெரியாது என்று சொல்ல முடியாது. எருமைக்கொம்பும் மரமும் போதும்.

பழைய கத்தியைப் பளபளப்பாக்க ஆசைப்படாதீர்கள். என் அப்பா முப்பது வருடம் ஏலக்காட்டில் வைத்திருந்த வாக்கத்தியை, அவர் காலமான பிறகு நான் ஒரு சாணை பிடிக்கும் கடையில் கொடுத்தேன். தண்ணீர் காட்டாமல் மெஷினில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது வெள்ளி மாதிரி இருந்தது, வாயில் நாலு அங்குலத்துக்கு நீலம் ஓடியிருந்தது. துவைச்சல் போய்விட்டது. முதுகில் ஆசாரி குத்தியிருந்த மூன்று புள்ளி முத்திரையும் தேய்ந்து காணாமல் போயிருந்தது. வாய்க்கு மறுபடி துவைச்சல் கொடுத்துவிட்டார்கள். முத்திரையை யாராலும் திருப்பித் தர முடியவில்லை, அதை அடித்தவர் யார் என்று தேட இருந்த ஒரே தடயம் அதுதான். அதனால் சொல்கிறேன், கையால் கல்லில் தீட்டுங்கள், தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். செந்துருவை மட்டும் மண்ணெண்ணெயும் நைலான் நாரும் வைத்து எடுங்கள். கறுத்துப்போன தோல் கத்திக்குக் காவல், அது அப்படியே இருக்கட்டும்.

துரு

குமுளி மாதிரி ஈர ஊரில் சேர்ப்பவர்களுக்கு ஆடி மாதம்தான் பரீட்சை. தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் நாளாக நாளாகக் காறிப்போகும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோலில் ஈரம் தங்கி உள்ளேயே துரு ஏறும். சுவரில் மாட்டினால் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். பிடி மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது.

சொல்லி அடிக்கச் சொல்வது

இவ்வளவும் பழகிய பிறகு, ஒரு கத்தியைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். கடைசிப் படியாக இதை வைத்ததற்குக் காரணம், என்ன கேட்பது என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரியும். செல்போனில் படம் காட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். வேலையைச் சொல்லுங்கள். "ஆசாரியண்ணே, காப்பித் தோட்டத்தில் கிளை கழிக்க, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், இடது கைப் பழக்கம்" என்றால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். மலையாளத்துப் பட்டறையில் சேட்டா என்று கூப்பிட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள், இந்தப் பக்கத்தில் அது போதும். இடது கை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டுகிற கத்திகளில் கை மாறினால் வெட்டு விலகிப் போகும்.

அவசரப்படுத்த வேண்டாம். மழைக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் பட்டறையில் வேலை குவிந்திருக்கும், அப்போது போகாதீர்கள். பாதித் தொகையை முன்னாலேயே கொடுங்கள். முதுகில் தன் முத்திரையைக் குத்தச் சொல்லுங்கள். நிறையப் பேர் இப்போது அதை விட்டுவிட்டார்கள், கேட்டால் சந்தோஷமாகச் செய்கிறார்கள். அவர் பெயர், ஊர், பட்டை எந்த வண்டியிலிருந்து வந்தது, துவைச்சல் தண்ணீரிலா எண்ணெயிலா, தேதி எல்லாவற்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள்.

பிடிக்குப் புளியமரம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேலமரம். செதுக்கத் தொடங்கும் முன்னால் ஆசாரி உங்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்வார். காட்டுங்கள், அவர் தன் விரலால் அளந்து முடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.